வெட்டிய பிறகு கேட்காதீர்கள்

2019 டிசம்பரில் ஒடிசாவின் சம்பல்பூர், ஜார்சுகுடா மாவட்டங்களில் தாலபிரா, பத்ரபாலி ஊர்களைச் சுற்றியிருந்த காட்டில் மரங்கள் சாயத் தொடங்கின. காவல்துறையின் பாதுகாப்போடு நடந்த வெட்டு அது. சில நாட்களுக்குள் விழுந்தவை சுமார் 40,000 மரங்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. சால், மஹுவா, தெந்து கலந்த அந்தக் காட்டைப் பல பத்தாண்டுகளாகக் காத்தவர்கள் ஊர்க்காரர்கள். காவலுக்கு ஆள் வைத்து, வீட்டுக்கு வீடு அரிசி அளந்து, அதையே அவருக்குக் கூலியாகக் கொடுத்தார்கள். அதே காட்டில் 1,038 ஹெக்டேர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு மாற்றப்பட்டது. சுரங்கம் நம் நெய்வேலியின் என்.எல்.சி. இந்தியா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே தோண்டும் நிலக்கரி, அந்த நிறுவனமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வருகிறது. எங்கள் கிராம சபை இதற்கு ஒப்புதல் தரவில்லை, தந்ததாகக் காட்டும் தீர்மானம் போலியானது என்று ஊர்க்காரர்கள் குற்றம்சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டு பேசப்பட்ட நாட்களிலேயே மரங்கள் கீழே கிடந்தன. அதற்கு மேல் விசாரணை எந்தத் திசையில் போயிருந்தாலும் காட்டுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நடு இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் சால் காட்டுப் போராட்டங்களைத் தொகுத்துப் பார்த்தால், வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நிற்கும் வேறுபாடு பெரும்பாலும் ஒன்றுதான். மக்களின் ‘வேண்டாம்’ என்ற சொல் வெட்டுக்கு முன்னால் சட்டப்படி செல்லுபடியான இடங்களில் காடு பிழைத்தது. அந்தச் சொல் வெட்டுக்குப் பின்னால் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ ஏறிய இடங்களில் காடு போய்விட்டது. நீதி கிடைத்த சில இடங்களிலும் காடு போய்விட்டது. மற்றச் சொத்துத் தகராறுகளில் தாமதமான தீர்ப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. நிலத்தைத் திருப்பித் தரலாம், பணத்தை வட்டியோடு கொடுக்கலாம். சால் காட்டில் அது முடியாது. ஏன் முடியாது என்பதற்கு அந்த மரத்தின் இயல்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் வழக்கில் சால மரம், குங்கிலிய மரம் என்று சொல்லப்படுவது இதுதான். குசிநகரத்தில் புத்தர் இரண்டு சால மரங்களுக்கு இடையே பரிநிர்வாணம் அடைந்தார் என்கிறது பௌத்த மரபு. கட்டை கனமானது, கடினமானது, கறையான் எளிதில் அண்டாதது. இமயமலை அடிவாரம் நெடுகவும், அதற்குத் தெற்கே ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், மேற்கு வங்கத்தின் மேற்குப் பகுதி, கிழக்கு மத்தியப் பிரதேசம் வரையிலும் இது கூட்டமாக வளர்ந்து காட்டையே தன் பெயரால் அழைக்க வைக்கிறது. இறக்கை முளைத்த அதன் விதைகள் பருவமழை தொடங்கும் ஜூன் மாத வாக்கில் உதிர்கின்றன. விதையின் முளைப்புத் திறன் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். சேமித்து வைத்து அடுத்த ஆண்டு நடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முளைத்த கன்றும் உடனே உயர்ந்துவிடாது. ஆண்டுதோறும் மேல்தண்டு கருகிவிழ, வேர் மட்டும் மண்ணுக்குள் தடித்துக்கொண்டே போகும். பல ஆண்டுகள் இப்படிக் காத்திருந்து வேருக்குப் போதிய வலு வந்த பிறகே ஒரு தண்டு நிலைத்து மேலே எழும். அந்த வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் வேறு உண்டு. மழைக்காலத் தொடக்கத்தில் பஸ்தரில் ‘போடா’ என்றும் ஜார்க்கண்டில் ‘ருக்டா’ என்றும் விற்கும் காளான் அப்படிப்பட்ட பூஞ்சை ஒன்றின் விளைச்சல்தான். ஆட்டிறைச்சியை மிஞ்சும் விலைக்குப் போகும் அந்தக் காளானைத் தோட்டத்தில் பயிரிட முடிவதில்லை. சால் வேர் இருக்கும் மண்ணில் மட்டும் அது கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. சால் கோடரியைத் தாங்கும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து கரும்பைப் போல மறுதாம்பு விடும். அதைக் காவல் காத்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மீண்டும் காடாகும். ஆனால் அடிக்கட்டையையும் வேரையும் மண்ணையும் சேர்த்துப் பெயர்த்தெடுக்கும் திறந்தவெளிச் சுரங்கத்தை அது தாங்காது. ஆகவே மக்கள் விறகுக்கு வெட்டுவதையும் சுரங்கத்துக்கு வெட்டுவதையும் ‘காடழிப்பு’ என்ற ஒரே தலைப்பில் வைத்துப் பேசுவது பிழை. முன்னது மீளக்கூடியது, பின்னது மீளாதது. சட்டமும் நிர்வாகமும் இந்த வேறுபாட்டைத் தலைகீழாகக் கையாண்டு வந்திருக்கின்றன. விறகுச் சுமையோடு வரும் பெண்ணுக்கு வழக்கு, மண்ணைப் பெயர்க்க வருபவருக்கு அனுமதி.

இந்தத் தலைகீழ்ப் பார்வைக்கு வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் பாதை போடத் தொடங்கியபோது ஸ்லீப்பர் கட்டைக்காகச் சால் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. பிறகு 1865, 1878 ஆண்டுகளின் வனச் சட்டங்கள் மிஞ்சியதை அரசுடைமையாக்கி, காட்டில் வாழ்ந்தவர்களை அத்துமீறுபவர்களாக்கின. விடுதலைக்குப் பிறகும் வனத்துறையின் கணக்கில் காடு என்பது கன மீட்டர் அளவில் விற்கும் மரம்தான். 1970களில் பீகார் வன வளர்ச்சிக் கழகம் சிங்பூம் பகுதியில் சால் மரங்களை வெட்டித் தேக்கு நடத் தொடங்கியது. தேக்கில் இலைத்தட்டு தைக்க முடியாது, விதை பொறுக்க முடியாது, அதன் நிழலில் கால்நடைக்குத் தீவனமும் குறைவு. 1978இல் ஹோ, முண்டா மக்கள் தேக்கு நாற்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். சால் என்றால் ஜார்க்கண்ட், தேக்கு என்றால் பீகார் என்ற முழக்கம் பிறந்தது. தனி மாநிலக் கோரிக்கையும் காட்டுரிமையும் ஒரே குரலானது அங்கேதான். 1980 செப்டம்பர் 8 அன்று சிங்பூமின் குவாவில் காவல்துறை சுட்டதில் ஆதிவாசிகள் பலர் இறந்தார்கள். காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களும் அங்கேயே சுடப்பட்டார்கள். 1970களிலேயே பஸ்தரில் உலக வங்கி உதவியோடு 20,000 ஹெக்டேர் சால் காட்டை அழித்துக் காகித ஆலைக்காகக் கரீபிய பைன் நடும் திட்டம் வந்தது. பழங்குடி மக்களின் எதிர்ப்பும், பி.டி. சர்மா போன்ற அதிகாரிகளின் மறுப்பும் சேர்ந்து அதை நிறுத்தின. சிங்பூமிலும் பஸ்தரிலும் மக்கள் எதிர்த்தது ஒரே நம்பிக்கையைத்தான்: ஒரு காட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கலாம் என்ற நம்பிக்கை.

காட்டை அழிப்பதே அதில் வாழும் மக்கள்தான், அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் ஐந்தாண்டில் மொட்டையாகிவிடும் என்ற வாதத்தை இன்றும் படித்தவர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். மக்கள்தொகை பெருகிய இடங்களில் விறகுவெட்டும் மேய்ச்சலும் சால் காட்டைத் தேய்த்தது உண்மை. அதை மறைத்து ஆதிவாசிகளைத் தெய்வமாக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் அந்தத் தேய்வு யாருடைய ஆட்சியில் நடந்தது என்று பார்க்க வேண்டும். காடு தங்களுடையது இல்லை என்று ஆன பிறகுதான் மக்கள் அதை முந்தியவருக்குச் சொந்தம் என்ற கணக்கில் வெட்டினார்கள். உரிமையைத் திருப்பித் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் மேதினிபூர் மாவட்டத்தில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. 1972இல் அராபாரியில் வன அதிகாரி ஏ.கே. பானர்ஜி, தேய்ந்துபோன 1,272 ஹெக்டேர் சால் நிலத்தை 11 ஊர்களைச் சேர்ந்த 618 குடும்பங்களின் காவலில் விட்டார். விற்பனை வருவாயில் 25 விழுக்காடு அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். புதிதாக நட்டதை விட அடிக்கட்டைகளிலிருந்து தானே துளிர்த்ததுதான் அதிகம். துளிரை மாடு கடிக்காமலும் அரிவாள் படாமலும் பார்த்துக்கொண்டதே வேலை. பதினைந்து ஆண்டுகளில் அங்கே காடு நின்றது. 1989இல் மாநில அரசும், 1990 ஜூனில் மத்திய அரசும் கூட்டு வன நிர்வாகத்தைக் கொள்கையாக்கியதற்கு அராபாரிதான் தூண்டுதல்.

ஒடிசாவில் அரசின் ஒப்பந்தம்கூட இல்லாமல் ஆயிரக்கணக்கான ஊர்கள் இதைச் செய்தன. அங்கே இதற்குப் பெயர் ‘டேங்காபள்ளி’. காவல் முறை வரும் வீட்டின் வாசலில் ஒரு தடி வைக்கப்படும். அன்று அந்த வீட்டார் காட்டைச் சுற்றி வர வேண்டும். முடித்ததும் தடி அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். நயாகர் மாவட்டத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து ஊர்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பே அமைத்தன. ஜார்க்கண்டின் சாகுலியா பகுதியில் 1998 வாக்கில் ஜமுனா டுடு சில பெண்களோடு வில்லும் தடியுமாய்ச் சால் காட்டைச் சுற்றத் தொடங்கினார். மரம் கடத்தும் கும்பலின் தாக்குதலைத் தாங்கி அந்தக் காவல் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது இந்த நாட்டு அரசுதான். தாலபிராவில் மரங்கள் வெட்டப்பட்டதும் அதே ஆண்டு. மரம் கடத்துபவரிடமிருந்து காட்டைக் காத்தால் விருது, சுரங்கத்திடமிருந்து காத்தால் வழக்கு என்றால், காவலின் மதிப்பு எதிரே நிற்பவரைப் பொறுத்தது என்று ஆகிவிடுகிறது. இதை ஏற்க முடியாது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்தக் காவலுக்கு முதன்முறையாகச் சட்ட உருவம் கொடுத்தது. வழிவழியாகக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் சமூகத்துக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைச் செயல்படுத்தும் அமைப்பு கிராம சபை. 2009 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை, வனநிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் முன் உரிமைகள் தீர்க்கப்பட்டதையும் கிராம சபையின் ஒப்புதலையும் காட்ட வேண்டும் என்றது. இதன் வலிமை 2013இல் ஒடிசாவின் நியமகிரியில் வெளிப்பட்டது. டோங்கிரியா கோந்த் மக்களின் மலையில் பாக்ஸைட் எடுக்கும் திட்டம் பற்றி அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. மாவட்ட நீதிபதி தகுதியுள்ள நீதித்துறை அதிகாரி பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஜூலை, ஆகஸ்டில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. நியமகிரி மக்கள் மற்றவர்களை விடக் கடுமையாகப் போராடினார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களிடம் கேள்வி சரியான நேரத்தில், சாட்சியோடு கேட்கப்பட்டது. அதனால் அந்த மலை இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான வரலாறு வட சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் ஆரண்யம். கோர்பா, சர்குஜா, சூரஜ்பூர் மாவட்டங்களில் சுமார் 1,70,000 ஹெக்டேரில் பரவிய, நடு இந்தியாவில் துண்டுபடாமல் மிஞ்சிய பெரும் சால் காடுகளில் ஒன்று. யானைகள் நடமாடும் வழி. மகாநதியின் துணையாறான ஹஸ்தேவ் ஆறு இதன் ஊடே ஓடிப் பாங்கோ அணைக்கு நீர் தருகிறது. அந்த அணையின் வாய்க்கால்களில்தான் ஜாஞ்ச்கீர்-சாம்பாவின் நெல் விளைகிறது. அடியில் 500 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி இருக்கிறது. இங்கே சுரங்கமே கூடாது என்று முதலில் சொன்னது போராட்டக்காரர்கள் இல்லை. சுற்றுச்சூழல் அமைச்சகமும் நிலக்கரி அமைச்சகமும் சேர்ந்து நடத்திய ஆய்வுதான் 2010 வாக்கில் இதை ‘நுழையக் கூடாத பகுதி’ என்று வகைப்படுத்தியது. 2011 ஜூனில் வன ஆலோசனைக் குழுவும் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதை மீறி அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், பர்சா கிழக்கு–கேதே பாசன் உள்ளிட்ட தொகுதிகள் முக்கியக் காட்டின் விளிம்பில்தான் இருக்கின்றன என்று கூறி முதற்கட்ட அனுமதி தந்தார். விளிம்பில் ஒன்றுக்கு இடம் கொடுத்தால் விளிம்பு உள்ளே நகர்ந்துவிடும் என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின.

பர்சா கிழக்கு–கேதே பாசனின் 1,898 ஹெக்டேர் வனநிலத்தில் முதல் பகுதியாக 762 ஹெக்டேரில் 2013இல் சுரங்கம் தொடங்கியது. தொகுதி ராஜஸ்தான் அரசின் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு. தோண்டி எடுக்கும் ஒப்பந்தம் அதானி குழுமத்துக்கு. 2014 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைச்சரின் அனுமதியை ரத்து செய்தது. யானை வழித்தடம், பல்லுயிர் போன்ற கேள்விகளை முறையாக ஆராயவில்லை என்பது காரணம். மக்கள் பக்கம் விழுந்த தீர்ப்புதான். ஆனால் ஒரு மாதத்தில் உச்ச நீதிமன்றம், வேலையை நிறுத்தச் சொன்ன பகுதிக்குத் தடை விதித்தது, சுரங்கம் தொடர்ந்தது. நிலுவையில் இருந்த வழக்கின் ஆண்டுகளில் முதல் பகுதியின் நிலக்கரி முழுவதும் தோண்டி முடிக்கப்பட்டது. சுமார் இருபது கிராம சபைகள் 2014-15இல் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. காட்பரா ஊருக்கு 2013இல் வழங்கப்பட்டிருந்த சமூக வன உரிமையை, அதைக் காட்டி மக்கள் சுரங்கப் பணியைத் தடுக்கிறார்கள் என்று கூறி 2016 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் ரத்து செய்தது. வன உரிமைச் சட்டத்தில் உரிமையை ரத்து செய்யும் பிரிவே கிடையாது. காட்டைக் காப்பதற்காகக் கொடுத்த உரிமையை, அதை வைத்துக் காட்டைக் காத்தார்கள் என்பதற்காகவே பறித்த உத்தரவு அது.

அடுத்து வந்த பர்சா தொகுதியில் ஒப்புதல் ஆவணமே சிக்கலானது. சால்ஹி, ஹரிஹர்பூர், ஃபத்தேபூர் ஊர்களின் 2018ஆம் ஆண்டுத் தீர்மானங்கள் போலி, கூட்டத்தில் சுரங்கம் பற்றிய பேச்சே எழவில்லை, கூட்டம் கலைந்த பிறகு எழுதிச் சேர்த்தார்கள் என்று மக்கள் திரும்பத் திரும்பப் புகார் செய்தார்கள். 2021 அக்டோபரில் சுமார் 350 பேர் 300 கிலோமீட்டர் நடந்து ராய்ப்பூர் போய் ஆளுநரிடமும் முதல்வரிடமும் முறையிட்டார்கள். விசாரிப்போம் என்ற உறுதி கிடைத்தது. அதே மாதத்தில் மத்திய அரசின் இறுதி அனுமதியும் கிடைத்தது. மக்களுக்கு இல்லை, சுரங்கத்துக்கு. 2022 மார்ச் 2 முதல் ஹரிஹர்பூரில் தொடர் அமர்வுப் போராட்டம். ஜூலை 26 அன்று சத்தீஸ்கர் சட்டமன்றம் ஹஸ்தேவின் சுரங்கத் தொகுதிகள் அனைத்தையும் ரத்து செய்யுமாறு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியதும் காவல்துறையைக் குவித்து, பர்சா கிழக்கு–கேதே பாசனின் இரண்டாம் பகுதியில் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. 2024 அக்டோபரில் பர்சாவிலும் வெட்டு தொடங்கியது. தடுத்த மக்களுக்கும் காவலர்களுக்கும் மோதல். அதன் பிறகுதான், அந்த ஆண்டின் இறுதியில், மாநிலப் பழங்குடியினர் ஆணையம் கிராம சபை ஒப்புதலில் முறைகேடு இருந்ததாகச் சொன்ன செய்தி வெளிவந்தது. மக்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்ததை ஒரு அரசு அமைப்பு ஏற்றபோது காட்டின் ஒரு பகுதி கட்டைகளாகி இருந்தது.

இந்த வரலாற்றில் காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டுக்கும் பங்கு உண்டு. எதிர்க்கட்சியாக ஊருக்கு வந்து உங்களோடு நிற்கிறோம் என்றவர்கள் ஆட்சியில் கையெழுத்திட்டார்கள். சட்டமன்றத்தில் ரத்து செய் என்று வாக்களித்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் வெட்டினார்கள். இருந்தும் போராட்டம் வீணாகவில்லை. 2020இல் ஒன்பது ஊராட்சித் தலைவர்கள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டில் ஏலப் பட்டியலிலிருந்து ஹஸ்தேவின் ஐந்து தொகுதிகள் நீக்கப்பட்டன. 2021இல் 1,995 சதுர கிலோமீட்டர் லெம்ரு யானைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தப் போராட்டத்தை ஒருங்கிணைத்த ஆலோக் சுக்லாவுக்கு 2024இன் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. காப்பாற்றப்பட்ட இந்தப் பகுதிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாமே அனுமதி இறுதியாகும் முன் மறுப்பு போய்ச் சேர்ந்த இடங்கள். இறுதி அனுமதி கிடைத்துவிட்ட இடத்தில் எவ்வளவு நடந்தும், எத்தனை நாள் உட்கார்ந்தும், சட்டமன்றமே சொல்லியும் காடு மீளவில்லை.

இப்படியிருக்க, சட்டத்தின் வரிசையையே மாற்றியிருக்கிறார்கள். 2022 ஜூன் 28இல் அறிவிக்கப்பட்ட வனப் பாதுகாப்பு விதிகளுக்கு முன்பு, வன உரிமைச் சட்டம் பின்பற்றப்பட்டதை உறுதிசெய்த பிறகே மத்திய அரசு இறுதி அனுமதி தர வேண்டியிருந்தது. அந்த விதிகளின்படி மத்திய அரசு அனுமதி கொடுத்து, இழப்பீட்டுப் பணத்தையும் வாங்கிவிடலாம். உரிமை, ஒப்புதல் எல்லாம் நிலத்தை ஒப்படைக்கும் முன் மாநில அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்கப்படாமல் போகவில்லையே, பொறுப்பு மாநிலத்துக்கு மாறியது, அவ்வளவுதானே என்கிறது அரசு. பணம் கட்டி, கையெழுத்தாகி, இயந்திரம் தயாராக நிற்கும் நிலையில் கடைசியாக ஒரு கிராம சபையிடம் கேட்பது எப்படிப்பட்ட கேள்வி? அந்த நிலையில் வேண்டாம் என்ற விடையைக் கேட்க எந்த மாவட்ட ஆட்சியருக்கும் மனம் வராது. தேசியப் பழங்குடியினர் ஆணையமே இந்த விதிகளை நிறுத்திவைக்கக் கோரியது, அரசு ஏற்கவில்லை.

எதிர்வாதங்களில் கனமானது மின்சாரம். ராஜஸ்தானின் வீடுகளிலும் தூத்துக்குடியிலிருந்து மின்சாரம் போகும் ஊர்களிலும் ஏழைகளும்தான் விளக்கேற்றுகிறார்கள். நிலக்கரி இல்லாமல் நாளையே நாடு ஓடாது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலக்கரி வேண்டும் என்பதிலிருந்து இந்தக் காட்டின் நிலக்கரி வேண்டும் என்பது தானாகப் பெறப்படாது. இந்தியாவின் மதிப்பிடப்பட்ட நிலக்கரி வளம் 35,000 கோடி டன்னைத் தாண்டும். ஹஸ்தேவில் இருப்பது அதில் ஒன்றரை விழுக்காடு அளவு. ராஜஸ்தானின் 4,340 மெகாவாட் நிலையங்களுக்கு ஏற்கெனவே திறந்த தொகுதியின் நிலக்கரியே சுமார் 20 ஆண்டுகளுக்குப் போதும், ஹஸ்தேவில் புதுச் சுரங்கம் தேவையில்லை என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது சத்தீஸ்கர் அரசே. நாட்டில் சூரிய மின்சக்தியில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று ராஜஸ்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தச் சுரங்கமும் வேண்டாம் என்ற நிலைப்பாட்டை எடுக்காமலேயே, எந்த இடம் கடைசியாகத் தொடப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்த முடியும். அந்த வேலையை அரசின் ஆய்வு 2010இலேயே செய்து முடித்துவிட்டது.

வெட்டியதற்கு ஈடாக மரம் நடுகிறோம், ஒவ்வொரு ஹெக்டேருக்கும் பணம் கட்டுகிறோம் என்பது அடுத்த வாதம். 2016இல் அதற்கென்று தனிச் சட்டமும் நிதியும் வந்தன. பணம் சரியாகச் செலவழிக்கப்படுகிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, முழுவதும் நேர்மையாக நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் உயிர்போகும் விதையும், ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருக்கும் வேரும், வேரோடு பிணைந்த பூஞ்சையும் கொண்ட ஒரு காட்டை இன்னொரு மாவட்டத்தின் தரிசில் நட்டு உண்டாக்க முடியாது. அங்கே நிற்பது யூகலிப்டஸோ தேக்கோ வேறு கலவை மரங்களோ கொண்ட தோட்டமாகத்தான் இருக்கும். ஹஸ்தேவில் யானை பற்றி இந்திய வனவிலங்கு நிறுவனம் 2021இல் அளித்த ஆய்வு ஒரு கணக்கைத் தந்தது. நாட்டின் காட்டு யானைகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே சத்தீஸ்கரில் இருக்கின்றன. யானை–மனிதர் மோதலில் நாடு முழுவதும் இறப்பவர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் அங்கே. காடு துண்டுபட்டால் இது இன்னும் மோசமாகும், இப்பகுதியில் சுரங்கம் கூடாது என்பது அதன் கருத்து. அதே தொகுப்பில் வேறொரு அரசு நிறுவனம் நான்கு தொகுதிகளை நிபந்தனைகளோடு பரிசீலிக்கலாம் என்றது. அனுமதி தந்தவர்கள் பிடித்துக்கொண்டது அந்த வரியை. ஊருக்குள் வரும் யானையால் சாகப்போகிறவருக்கு வேறிடத்தில் நட்ட மரம் எந்த ஈடும் ஆகாது.

வேலையும் வளர்ச்சியும் வேண்டும் என்று சுரங்கத்தை வரவேற்கும் ஆதிவாசிகளும் ஹஸ்தேவில் இருக்கிறார்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று ஏசுவது தவறு. பள்ளியும் மருத்துவமனையும் சுரங்க நிறுவனம் வந்தால்தான் வரும் என்ற நிலையை உண்டாக்கியது அரசின் புறக்கணிப்பு. ஆனால் அந்தப் பகுதியின் குடும்பங்களுக்கு ஆண்டு வருமானத்தில் 60 முதல் 70 விழுக்காடு வரை காட்டுப் பொருட்களிலிருந்து வருகிறது என்று மேற்சொன்ன வனவிலங்கு நிறுவன ஆய்வு கூறுகிறது. வசந்தத்தில் மஹுவா பூ, கோடையில் பீடிக்கான தெந்து இலை, பிறகு சால் விதை, மழைக்குக் காளான், ஆண்டு முழுவதும் தையல் இலை. சுரங்க வேலை ஒருவருக்கு, அதுவும் நிலக்கரி தீரும் வரை. இந்த இரண்டில் எது வேண்டும் என்று ஊருக்குள்ளேயே கருத்து பிளந்திருந்தால், அதைத் தீர்க்க ஏற்ற இடம் எல்லாரும் கூடிப் பேசி எண்ணிக்கை எடுக்கும் கிராம சபைதான். மக்களில் ஒரு பகுதி ஆதரிக்கிறது என்பது கிராம சபையை நேர்மையாகக் கூட்டுவதற்கான காரணமாகுமே தவிர, கூட்டாமல் விடுவதற்குக் காரணமாகாது.

நாலு ஊர் சேர்ந்து நாட்டின் திட்டத்தை நிறுத்தலாமா என்று கடைசியாகக் கேட்கிறார்கள். நிலக்கரிக்காக நிலம் எடுக்க 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; அதன்கீழ் நிலத்துக்காரரின் ஒப்புதலே தேவையில்லை. 2013இன் நிலம் எடுப்புச் சட்டத்தின் ஒப்புதல் விதியும் அங்கே செல்லாது. ஆக, நாட்டின் பக்கம் எடை ஏற்கெனவே அதிகம். காட்டில் வாழ்பவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கதவு வன உரிமைச் சட்டத்தின் ஒப்புதல். கிராமம் மறுத்தால் அரசு வேறிடம் தேடலாம், வேறு எரிபொருள் தேடலாம், இன்னும் நல்ல காரணத்தோடு திரும்பி வந்து மீண்டும் கேட்கலாம். நிறுத்தப்பட்ட திட்டம் நாளை தொடங்கக்கூடியது. அரிட்டாபட்டியில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் ஏலம் முடிந்த செய்தி வந்ததும் மதுரை மாவட்டக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் சேர்ந்தது, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. மறுப்பினால் நாடு ஒன்றும் நின்றுவிடவில்லை. அங்கே இயந்திரம் இறங்கும் முன் மறுப்பு எழுந்தது, அரசியலும் துணை நின்றது. ஹஸ்தேவின் ஆதிவாசிகளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு, வாக்கு எண்ணிக்கையில் அவர்கள் கனக்காததால், கிடைக்கவில்லை.

ஆகவே கோரிக்கைகள் எளிமையானவை. வன அனுமதி விதிகளைத் திருத்தி ஒப்புதலை மத்திய அனுமதிக்கு முன் வைக்க வேண்டும். தீர்மானம் போலி என்ற புகார் இருக்கும்வரை ஒரு மரமும் வெட்டப்படக் கூடாது. நியமகிரியில் செய்தது போல நீதித்துறை அதிகாரி முன்னிலையில், காணொளிப் பதிவோடு கிராம சபை மீண்டும் கூட வேண்டும். ராஜஸ்தான் நிறுவனத்தின் மூன்றாவது தொகுதியான கேதே விரிவாக்கத்தில், பெரும்பகுதியும் காடான நிலத்தில், இதை முதலில் செய்து காட்டலாம். நமக்கும் இதில் ஒரு வேலை உண்டு. தூத்துக்குடி நிலையத்தில் தமிழக மின்வாரியம் பங்குதாரர். மின்சாரத்தை வாங்குவோரில் அதுவும் ஒன்று. தாலபிராவின் கிராம சபைத் தீர்மானங்கள் எந்த நாளில், எத்தனை பேர் முன்னிலையில், யார் கையெழுத்தோடு நிறைவேறின என்பதை அந்தப் பங்குதாரர் என்ற உரிமையில் கேட்டு வாங்கித் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கலாம். இனி எடுக்கப்போகும் நிலக்கரிக்கும் ஒதுக்கீட்டுக்கும் அதே ஆவணத்தை முன்கூட்டியே கேட்கலாம்.